கேம்பர் குடுக்கலாமா, கனம் கூட்டலாமா, முட்டை விட்டுவைக்கலாமா?

போன வருசம் பள்ளத்தூர் பக்கம் ஒரு வீட்டுல ஹால் தளத்துக்கு சென்ட்ரிங் (காங்கிரீட்டைத் தாங்குற சீட்டும் முட்டும்) அடிச்சு முடிச்சு, அடியில நூல் கட்டி அளந்துட்டு இருந்தோம். மேஸ்திரி டேப்ப நூலுக்கும் சீட்டுக்கும் நடுவுல வச்சு "ஓரம் அம்பது, நடுவு அறுபது"ன்னு சத்தமா சொல்லிட்டே போறாரு. வீட்டு ஆச்சி கீழ நின்னு கேட்டுட்டு, "ஏந் தம்பி, நடுவுல பத்து கூட வருதே, கோணலா அடிச்சுட்டாகளா?"ன்னாக. இல்ல ஆச்சி, வேணும்னுதான் தூக்கி வச்சிருக்கோம், இதுக்குப் பேருதான் கேம்பர், முட்டு எடுத்தா தளம் தானா இறங்கும், அப்ப மட்டமாயிரும்னு சொன்னேன். "இறங்கும்னு தெரியுதுல்ல, அப்ப இறங்காம கட்ட வேண்டியதுதானே?"ன்னு ஒரே கேள்வியில என்னைய நிறுத்திட்டாக.

ரொம்ப நியாயமான கேள்வி. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் இந்தப் பக்கம் பூரா இப்ப பழைய வீட்ட ஒட்டி புது கட்டு எடுக்குறவுக, இடிச்சுட்டு புதுசா கட்டுறவுக எல்லாருக்கும் ஹால் பெருசா வேணும், நடுவுல தூண் ஆகாது, பீம் தொங்குனாலும் ஆகாது. பழைய வளவு வீட்டுல பார்த்தீங்கன்னா மெட்ராஸ் டெரஸ்ல தேக்கு உத்திரம் நெருக்கி நெருக்கி போட்டிருப்பாக, ரெண்டு கட்டைக்கும் நடுவுல செங்கல் தாண்டுற தூரம் கொஞ்சம்தான், அங்க இந்தப் பிரச்சினையே கிடையாது. நாமதான் 18 அடி, 20 அடிக்கு ஒரே தளமா இழுக்குறோம்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிர்றேன், ஏன்னா சைட்ல பாதிப் பேரு இதைத்தான் தப்பா நினைச்சிருக்காக. கேம்பர் தளத்துக்கு ஒரு பலமும் குடுக்காது. 10 மி.மீ. இறங்கப்போற தளம் கேம்பர் குடுத்தாலும் அதே 10 மி.மீ. இறங்கத்தான் செய்யும், எங்க இருந்து இறங்க ஆரம்பிக்குதுங்குறது மட்டும்தான் மாறுது. அதனால கேம்பர் குடுக்குறதா வேண்டாமான்னு முடிவு பண்ண முன்னாடி நான் கேக்குறது, இந்தத் தளம் இறங்குனா யாருக்கு வலிக்கும்? பாக்குறவன் கண்ணுக்கா, இல்ல தளத்து மேல நிக்கிற சுவருக்கும் டைல்ஸுக்குமா?

காங்கிரீட்டுக்கான நம்ம நாட்டு கோடு (விதிப் புத்தகம்) ஐஎஸ் 456லயே இது ரெண்டு தனித்தனி கணக்காத்தான் இருக்கு. மொத்தத் தொய்வு, அதாவது எல்லா லோடும் ஏறி, வருசக்கணக்குல க்ரீப் (எடை தொடர்ந்து நிக்கிறதால மெல்ல மெல்ல கூடுற தொய்வு), ஷ்ரிங்கேஜ் (காஞ்சு சுருங்குறது) எல்லாம் சேர்ந்து, ஸ்பான் (ரெண்டு தாங்கலுக்கும் நடுவுல உள்ள தூரம்) வகுத்தல் 250ஐத் தாண்டக் கூடாது. இன்னொண்ணு, பார்ட்டிஷன் சுவரும் ஃபினிஷிங்கும் முடிஞ்சப்புறம் வர்ற தொய்வு மட்டும் ஸ்பான் வகுத்தல் 350, இல்ல 20 மி.மீ., இதுல எது கம்மியோ அதுக்குள்ள இருக்கணும். 5 மீட்டர் ஸ்பானுக்கு முதல் கணக்கு 20 மி.மீ., ரெண்டாவது 14 மி.மீ. சொச்சம். முதல் கணக்குல கேம்பரைக் கழிச்சுக்கலாம், அது கண்ணுக்கான கணக்கு. ரெண்டாவதுல கேம்பருக்கு வேலையே இல்ல, சுவர் கட்டுனப்ப தளம் எந்த மட்டத்துல இருந்துச்சோ அங்க இருந்து எவ்வளவு கீழ போச்சுங்குறதுதான் சுவருக்குத் தெரியும், அதுக்கு முன்னாடி மேடா இருந்துச்சா பள்ளமா இருந்துச்சாங்குறது சுவருக்கு எதுக்கு.

சின்ன ரூமை சீக்கிரம் முடிச்சுர்றேன். 10 அடி, 12 அடி ரூம், நாலு பக்கமும் சுவர், 125 மி.மீ. தளம்னா கேம்பர் வேண்டவே வேண்டாம். முட்டு எடுத்தா ரெண்டு மூணு மி.மீ. கூட இறங்காது. அதுக்குப் போயி சென்டிமீட்டர் கணக்குல தூக்கி வச்சா அது அப்படியே மேடா நின்னுரும், மேல டைல்ஸ் போடுறவன் திட்டுவான். ஆனா சென்ட்ரிங்கே கொஞ்சம் அமுங்கும்ல, ஆப்பு இறுகும், சீட்டு ஜாயின்ட் உக்காரும், அதுக்குன்னு ஒரு நூல் ஒன்றரை நூல் தூக்கி வைக்கிறது மேஸ்திரிங்க பழக்கத்துலயே இருக்கு, அதை நான் தடுக்குறதில்ல. (நம்ம ஆளுக கணக்குல ஒரு நூல்னா அரைக்கால் இஞ்ச், மூணு மி.மீ. சொச்சம்.) இது தளத்தோட தொய்வுக்குக் குடுக்குறது இல்ல, சென்ட்ரிங் அமுங்குறதுக்குக் குடுக்குறது, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. புதுசா செம்மண் கொட்டி நிரப்புன தரையில சவுக்கு முட்டு நட்டு அடியில பலகை கூட வைக்காம விட்டா, காங்கிரீட் ஏறுறப்பவே நீங்க குடுத்த கேம்பர் பூரா மண்ணுக்குள்ள போயிரும். ராத்திரி ஒரு மழை பெஞ்சிருந்தா கேக்கவே வேண்டாம்.

பெரிய ஸ்பானுக்கு வர்றப்பதான் எவ்வளவு குடுக்குறதுன்னு தலைவலி. மத்தியப் பொதுப்பணித்துறை (சிபிடபிள்யூடி) ஸ்பெசிபிகேஷன்ல பீமுக்கும் தளத்துக்கும் மீட்டருக்கு 4 மி.மீ., அதாவது 250ல ஒண்ணு, கேன்டிலீவருக்கு (ஒரு பக்கம் மட்டும் பிடிச்சு வெளிய நீட்டி நிக்கிறது) நுனியில நீளத்துல 50ல ஒண்ணு, இல்லாட்டி இன்ஜினியர் சொல்றபடின்னு இருக்கு. நம்ம பக்கம் கான்ட்ராக்டர் பல பேரு இதை மனப்பாடமா வச்சிருக்காக, அந்தக் கடைசி வார்த்தைய மட்டும் விட்டுட்டு. ஆனா ஐரோப்பாக்காரன் கோடான யூரோகோடு 2ஐ எடுத்துப் பார்த்தா, சென்ட்ரிங்ல தூக்குறது பொதுவா ஸ்பான் வகுத்தல் 250க்கு மேல போகக் கூடாதுன்னு இருக்கு. அதாவது அவன் உச்சவரம்புன்னு சொல்றதை நாம வழக்கமான அளவா வச்சிருக்கோம். ஐஎஸ் 456 அனுமதிக்குற மொத்தத் தொய்வும் அதே 250தான், அப்ப 4 மி.மீ. கணக்குல குடுக்குறதுன்னா என்ன அர்த்தம், தளம் அனுமதிச்ச எல்லை வரைக்கும் முழுசா தொங்கும்னு நாமளே எதிர்பார்த்துக் கட்டுறோம்னு அர்த்தம். ஒழுங்கா டிசைன் பண்ணுன தளம் அவ்வளவு தொங்காது, அப்ப மிச்சம் மேடுதான்.

சரி கணக்குப் போட்டு சரியா குடுக்கலாமேன்னா அதுவும் லேசு இல்ல. ரெண்டு பக்கம் மட்டும் சுவர்ல உக்காந்த 5 மீட்டர் ஸ்பான், 150 மி.மீ. தளம், எம்20 காங்கிரீட்னு வச்சுக்குங்க. சொந்த எடைக்கு மட்டும், விரிசல் விடாத தளமா கணக்குப் போட்டா நடுவுல தொய்வு கிட்டத்தட்ட 5 மி.மீ. அதே தளம், அதே எடை, முழுசா மயிரிழை விரிசல் விட்ட தளமா எடுத்துக்கிட்டா 20 மி.மீ. தாண்டிருது. நாலு மடங்கு வித்தியாசம். கேவலம் என்னன்னா அந்த சொந்த எடைக்கு வர்ற, தளத்தை வளைக்குற மொமென்ட்டே விரிசல் விடுற எல்லையிலதான் நிக்கிது, அதனால எந்தப் பக்கம் சாயும்னு பேப்பர்ல சொல்ல முடியாது, காங்கிரீட் எவ்வளவு நல்லா வந்துச்சு, எத்தனாவது நாள் முட்டு எடுத்தோம், அது மேல என்னத்தைக் கொட்டுனோம் எல்லாம் சேர்ந்துதான் முடிவு பண்ணும். இவ்வளவு ஆடுற நம்பரை வச்சுக்கிட்டு 20 மி.மீ. தூக்குறதுங்குறது சூதாட்டம். நான் குறைஞ்ச நம்பர் பக்கமாத்தான் நிப்பேன், சொந்த எடைக்கு வர்றதும் அதுக்கு மேல க்ரீப்ல கொஞ்சமும், அவ்வளவுதான். லைவ் லோடுக்குக் கேம்பர் குடுக்கவே மாட்டேன், ஆளு வந்து போறதுக்கெல்லாம் தளத்தைத் தூக்கி வைக்கவா முடியும்.

இன்னொண்ணு, மேல சொன்ன உதாரணத் தளமே கோடு பிரகாரம் தேறாது. இப்படி ரெண்டு பக்கம் சும்மா உக்காந்த தளத்துக்கு ஸ்பானை 20ஆல வகுத்து, கம்பி அளவுக்கு ஏத்த ஃபேக்டரைப் போட்டா எஃபெக்டிவ் டெப்த்தே (தளத்து மேல்பரப்புல இருந்து அடிக்கம்பி நடு வரைக்கும்) 200 மி.மீ.க்கு மேல கேக்கும். இதைப் போயி 150ல போட்டுட்டு "கேம்பர் குடுத்துட்டோம் சார், ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றதுதான் என்னால தாங்க முடியாதது. ஆகும்.

கனம், அதாவது தளத்துத் தடிமன், கூட்டுறதோட கணக்கு இப்படி. 150ஐ 175 ஆக்குனா எடை 17 சதவீதம் கூடுது, விரிசல் விடாத தளத்தோட விறைப்பு 59 சதவீதம் கூடுது, ஏன்னா விறைப்பு கனத்தோட மும்மடிப் பெருக்கத்துல போகும். 5 மீட்டருக்கு 6 மீட்டர் ஹாலுக்கு முக்கால் கன மீட்டர் காங்கிரீட் கூட ஆகும், அஸ்திவாரத்துக்கும் கொஞ்சம் லோடு ஏறும். கேம்பருக்கு செலவுன்னு பார்த்தா ஆப்பு அடிக்கிற நேரம்தான். அதனாலதான் எல்லாருக்கும் கேம்பர் மேல ஆசை. காசு மிச்சம்ங்குறது உண்மைதான், ஆனா கண்ணுக்கு மட்டும் வலிக்கிற இடத்துலதான் அந்த மிச்சம். மேல அரை செங்கல் சுவர் வரப்போகுதுன்னா, பூச்சோட சேர்த்து மீட்டருக்கு 700, 800 கிலோ ஒரே கோட்டுல உக்காரும், அங்க கனமோ, சுவருக்கு அடியில பீமோ போட்டுத்தான் ஆகணும்.

கேம்பர் ஃப்ரீன்னு சொன்னேன்ல, அதுல நான் வாங்குன அடியையும் சொல்லிர்றேன். தொழிலுக்கு வந்த புதுசு, தேவகோட்டை பக்கம் ஒரு வீடு, 20 அடி ஹால். நான் ரொம்ப விவரமா அடியில 20 மி.மீ. கேம்பர் குடுத்து ஒவ்வொரு முட்டா செக் பண்ணிட்டு, காங்கிரீட் அன்னைக்கு மேல ஏறாம கீழ மிக்ஸர்கிட்ட நின்னுட்டேன். சாயங்காலம் வீட்டுக்காரரு சந்தோசமா வந்து, "தம்பி, நீங்க போட்ட கணக்குல மூணு மூட்டை சிமெண்ட் மிச்சம், நல்ல எஸ்டிமேட்"ங்குறாரு. எனக்கு வயித்துல புளியைக் கரைச்சிருச்சு. மேல கொத்தனாரு என்ன பண்ணியிருக்காருன்னா, வழக்கம்போல ஓரத்துக்கு ஓரம் மட்டமா நூல் கட்டி, மட்டப்பலகைய வச்சு பளிங்கு மாதிரி இழுத்துவிட்டிருக்காரு. அடி மேடு, மேல மட்டம், அப்ப நடுவுல 150 இருக்க வேண்டிய தளம் 130. எந்த இடத்துல கனம் ரொம்ப வேணுமோ அந்த இடத்துல 20 மி.மீ. போச்சு, விறைப்புல 35 சதவீதம் போச்சு. கொத்தனாரைக் குத்தம் சொல்லி என்ன பண்ண, அவருக்கு நான் ஒரு வார்த்தை சொல்லல. அந்த ஹாலுக்கு அப்புறம் குறுக்க ஒரு பீம் கொடுத்து முட்டுக்கொடுத்த கதை தனி. அதுல இருந்து கேம்பர் குடுத்த தளத்துல மேல நூல் கட்ட விடுறதே இல்ல, தளத்துக் கனத்துக்கு மார்க் பண்ணுன கம்பிய குத்திக் குத்திப் பார்த்துத்தான் இழுக்கணும், நானே மேல நின்னுருவேன். அடி எப்படி வளையுதோ மேலயும் அப்படியே வளையணும், கம்பியும், அதைச் சீட்டுல இருந்து தூக்கிப் பிடிக்கிற கவர் பிளாக்கும் சேர்ந்து வளையணும்.

வளைவுன்னா கூடாரம் மாதிரி நடுவுல ஒரு முட்டை மட்டும் தூக்குறது இல்ல. நடுவுல 12 மி.மீ.ன்னா கால்வாசி தூரத்துல 9 வரணும், முக்கால்வாசி தூரத்துலயும் 9. நாலு பக்கமும் சுவர் இருந்தா நாலு பக்கத்துல இருந்தும் ஏறி வரணும், சுவர் ஓரத்துல சுத்தமா ஜீரோ.

முட்டு விட்டுவைக்கிறதுதான் நான் மூணாவதா சொல்ற வழி, சொல்லப்போனா இதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். முட்டுன்னுதான் சொல்றேன், முட்டை இல்ல, அது நம்ம ஊரு பழைய சுண்ணாம்புப் பூச்சுக்கு. ஐஎஸ் 456ல 4.5 மீட்டர் வரைக்கும் தளத்து முட்டு 7 நாள், அதுக்கு மேல 14 நாள், பீமுக்கு 6 மீட்டர் வரைக்கும் 14, அதுக்கு மேல 21னு இருக்கு. இது குறைஞ்சபட்சம், அதுவும் ஓபிசி (சாதா போர்ட்லேண்ட்) சிமெண்டுக்கு. நம்ம கடையில கிடைக்கிறதெல்லாம் பெரும்பாலும் பிபிசி (சாம்பல் கலந்த சிமெண்ட்), அதுக்கு இன்னும் நாள் விடணும். க்ரீப் கணக்குலயும் 7 நாள்ல லோடு ஏத்துனா 2.2, 28 நாள்ல ஏத்துனா 1.6னு அதே கோடுல குடுத்திருக்காக, அதாவது அவசரப்பட்டு எடுத்தா அந்த அவசரம் வருசக்கணக்குல தொய்வாத் திரும்பி வரும். ஆனா சென்ட்ரிங்காரரு வாடகைக்கு விட்டவரு, அடுத்த சைட்டுக்கு சீட்டு வேணும், பதினஞ்சாம் நாளே லோடு ஆட்டோவோட வந்து நிப்பாரு. பெரிய ஹாலுக்கு 28 நாள் வாடகைன்னு ஆரம்பத்துலயே பேசிருங்க, கனம் கூட்டுற செலவை விட கம்மி.

முட்டு எடுத்த மறுநாளே மேல்மாடி வேலைக்குன்னு செங்கல்லை லோடு லோடா ஏத்தி ஹாலுக்கு நட்டநடுவுல அடுக்குவாக பாருங்க, அது இன்னும் கொடுமை. செங்கல்லை ஒரு மீட்டர் உயரம் அடுக்குனா சதுர மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல வரும். தளத்தை டிசைன் பண்ணது 200 கிலோ லைவ் லோடுக்கு. அன்னைக்கு விழுற விரிசல் கண்ணுக்கே தெரியாது, ஆனா மேல சொன்ன 5 மி.மீ. கணக்குல இருந்து 20 மி.மீ. கணக்குக்குத் தளம் தாவிருச்சு, செங்கல்லை எடுத்தாலும் பழைய விறைப்பு திரும்பாது. அடுக்கணும்னா சுவர் ஓரமா, பரத்தி அடுக்குங்க.

போர்டிகோ, பால்கனி கேன்டிலீவர் மட்டும் தனி ஜாதி. இங்க கேம்பருக்கு நான் முழு ஓட்டு போடுவேன், ஏன்னா நுனி கொஞ்சம் தொங்குனாலும் ரோட்டுல போறவனுக்குத் தெரியும். ஆனா 50ல ஒண்ணுன்னா 1.5 மீட்டர் பால்கனிக்கு 30 மி.மீ., அது எனக்கு ஜாஸ்தி, நான் பாதியிலயே நிப்பேன். திறந்த பால்கனின்னா இன்னொரு வம்பு இருக்கு, நுனி மேடா நின்னா மழைத் தண்ணி வெளிய போகாம வீட்டுக்குள்ள வரும், ஃபினிஷிங்ல வாட்டம் குடுக்க இடம் விட்டுட்டுத்தான் தளத்து மட்டமே வைக்கணும். அதோட கேன்டிலீவர் தொங்குறதுக்கு நான் பார்த்த பாதி காரணம் கேம்பர் இல்லாதது இல்ல, மேல் கம்பிய காங்கிரீட் போடுறவுக மிதிச்சு கீழ அமுக்குனது. மேல் கம்பியைத் தாங்குற சேர் கம்பி நெருக்கமா போட்டு, நடக்க பலகை போட்டுக் குடுக்காம என்ன கேம்பர் குடுத்தும் பிரயோஜனம் இல்ல.

மொட்டைமாடித் தளம்னா கேம்பர் ஒரு கெடுதலும் பண்ணாது, நல்லதுதான். நடு மேடா இருந்தா தண்ணி ஓரத்துக்கு ஓடும், சுருக்கி (சுண்ணாம்பும் செங்கலும் சேர்ந்த கலவை) போட்டு தட்டோடு பதிக்கிறப்ப நடுவுல கனம் குறையும், கணக்குல தப்பு வந்து கொஞ்சம் மேடு நின்னுட்டாலும் யாரும் கேக்கப்போறதில்ல. ஆளு குடியிருக்குற நடுமாடித் தளத்துலதான் யோசிக்கணும். அங்கயும் என்ன டைல்ஸ் வருதுங்குறதைக் கேட்டுக்குங்க. ஆத்தங்குடிக் கல்லுன்னா பத்து இஞ்ச் சதுரம், கலவையில உக்கார வைக்கிறது, அஞ்சாறு மி.மீ. மேட்டை கலவையே தின்னுரும். ரெண்டுக்கு நாலு அடி விட்ரிஃபைடு போடுறோம்னா அதே மேட்டுல ஜாயின்ட் ஜாயின்ட்டா முனை தூக்கிக்கிட்டு நிக்கும், காலுல இடிக்கும், பிறகு லெவல் பண்றேன்னு ஓரமெல்லாம் கலவைய ஏத்தி தளத்துக்கு வேண்டாத எடைய ஏத்துவாக. பெரிய டைல்ஸ் ஆசை இருந்தா கேம்பரைக் குறைச்சு கனத்தைக் கூட்டுங்க. பார்ட்டிஷன் சுவரும் டைல்ஸும் முட்டு எடுத்து ரெண்டு மூணு மாசம் தள்ளிப் போட முடிஞ்சா இன்னும் நல்லது, அந்த 350 கணக்குக்கு இதுதான் மலிவான மருந்து. இங்க கிரகப்பிரவேசத் தேதி குறிச்சுட்டு அஸ்திவாரம் தோண்டுற ஊருல இதை யார்கிட்ட சொல்ல.

கல்யாண மண்டபம் மாதிரி 9 மீட்டர், 10 மீட்டர் பீம்னா ஆழமான பீமா இருந்தாக் கூட கண்ணு கண்டுபிடிச்சுரும், நீளமான நேர்க்கோடு லேசா தொங்குனாலும் பெருசா தொங்குற மாதிரிதான் தெரியும், கொஞ்சம் கேம்பர் கட்டாயம். அங்க ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட தொய்வு நம்பரை ட்ராயிங்லயே எழுதி வாங்கிருங்க, மேஸ்திரிய ஊகிக்க விடாதீங்க. அடுக்குமாடின்னா முதல் தளத்துல முட்டு எடுக்க முன்னாடி ஒரு அளவு, எடுத்து மறுநாள் ஒரு அளவு, ஒரு மாசம் கழிச்சு ஒரு அளவு எடுத்து வைங்க. ரெண்டாம் தளத்துக்கு எந்த கோடும் அதை விட நல்ல நம்பர் குடுக்காது.

ஆச்சி வீட்டுக்கு வர்றேன். ஹால் 18க்கு 24 அடி, ஒரு பக்கம் தளம் அடுத்த ரூமுக்கும் தொடர்ந்து போகுது, பீம் தெரியக் கூடாதுன்னுட்டாக. அதனால "இறங்காம கட்டு"ன்னு அவுக சொன்னதுக்கு முடிஞ்ச அளவு கனத்துலயே பதில் வச்சிருந்தேன், 200 மி.மீ. தளம், முட்டு 28 நாள். கேம்பர் 10 மி.மீ., அதாவது மூணு நூல், அது முகப்புல இருந்து உள்ள பாக்குறப்ப சீலிங் கோடு தொங்குற மாதிரி தெரியக் கூடாதுன்னு மட்டும். சிபிடபிள்யூடி கணக்குல போயிருந்தா 22 வந்திருக்கும். சுவர்ல மார்க் பண்ணி வச்சு அதே உயரத்துல நூல் கட்டித்தான் ஒவ்வொரு தடவையும் அளந்தோம். முட்டு எடுத்த அன்னைக்கு நடுவுல 57. ஆத்தங்குடிக் கல்லு பதிச்சு ஆறு மாசம் கழிச்சுப் போனப்ப 54. ஆச்சியே ஸ்டூலைக் கொண்டாந்து போட்டு டேப்பைப் பிடிச்சுப் பார்த்துட்டு, "இன்னும் நாலு பாக்கியிருக்கு தம்பி, எப்ப வந்து இறக்குவீக?"ன்னாக.